கணித மன்றத்துக்கு வாரம் ஒரு மணி நேரம்

(முன்னாள் மாணவர் சந்திப்பில், கணிதத் துறை அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்த தலைப்பு ‘கணித மன்றத்தின் எதிர்காலம்’. கொடுத்த நேரம் இருபது நிமிடம். எதிர்காலத்துக்கு இருபது நிமிடம் தாராளம். (சிரிப்பு) ஆனால் இன்று இதைப் பேசுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நம் சங்கம் கணிதத் துறைக்கென்று ஒரு தொகை திரட்டியிருக்கிறது. அதை என்ன செய்வது என்று மதியம் பொதுக்குழுவில் முடிவெடுக்கப் போகிறோம். கருத்தரங்க அறைக்கு ஏ.சி. போட்டு, பெரிய திரை மாட்டி, வாசலில் கல்வெட்டு வைக்கலாம் என்பது ஒரு யோசனை. தொகையை வங்கியில் போட்டு, வட்டியைக் கணித மன்றத்துக்குக் கொடுக்கலாம் என்பது இன்னொன்று. நான் இரண்டாவது கட்சி. இதை முதலிலேயே சொல்லிவிட்டால், பிடிக்காதவர்கள் மறுப்பு யோசிக்க நேரம் கிடைக்குமே!

மன்றத்தின் கடந்த சில ஆண்டு அறிக்கைகளைத் துறைத் தலைவர் அன்போடு எடுத்துக் காட்டினார்கள். தொடக்க விழா, நிறைவு விழா. நடுவில் டிசம்பர் 22, இராமானுஜன் பிறந்தநாள். 2012-லிருந்து அது தேசிய கணித தினம் ஆகிவிட்டதால் அன்றைக்கு ஒரு வினாடி வினா. விழாவில் பொன்னாடை, நினைவுப் பரிசு, குத்துவிளக்கு, குழுப் படம். எந்த அறிக்கையிலும், இன்னார் இன்ன தேற்றத்தைப் போர்டில் நிறுவினார் என்று ஒரு வரி இல்லை. இது நம் துறையின் குறை மட்டும் அல்ல. நான் முப்பத்து மூன்று வருடம் மேல்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தவன். பல கல்லூரி மன்றங்களுக்கு நடுவராகப் போயிருக்கிறேன். எங்கு போனாலும் ‘இயற்கணிதத்தின் தந்தை யார்?’ என்று கேட்பார்கள், பிள்ளைகளும் பஸ்ஸரை அழுத்துவார்கள். தந்தை பெயர் தெரிந்தவனுக்குக் கணக்குத் தெரியும் என்று யார் சொன்னது?

துறைத் தலைவர் இன்னொன்றும் சொன்னார்கள். முதலாண்டு இடங்கள் இப்போது முழுதாக நிரம்புவதில்லை. சேருகிறவர்களிலும் சிலர், “வேற எதுவும் கிடைக்கல சார், அதான் வந்தோம்” என்கிறார்களாம். நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மூன்று வருடத்தில் ஒரு தடவையாவது, ‘அட, இது நல்லாயிருக்கே’ என்று அந்தப் பிள்ளை தானாக உணர ஓர் இடம் வேண்டாமா? வகுப்பில் சிலபஸை முடிக்கவே பேராசிரியர்களுக்கு நேரம் போதவில்லை. வீட்டில் சொல்ல ஆள் இல்லை. அந்த இடம் மன்றமாகத்தான் இருக்க முடியும்.

எங்கள் காலத்தில் அது எப்படி இருந்தது என்று சொல்கிறேன். பழம்பெருமை பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள், இதில் செலவே இல்லாத சமாச்சாரம்தான் அதிகம். புதன்கிழமை கடைசி மணி செமினார். பேசுவது மாணவர் மட்டும், பேராசிரியர் பேசக் கூடாது. அவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொள்வார். தாளைப் பார்த்து வாசிக்கக் கூடாது. மறந்துபோனால் போர்டில் நின்று யோசிக்கலாம், எவ்வளவு நேரமானாலும் யாரும் சிரிக்கக் கூடாது. கேட்கிறவர்களில் யார் வேண்டுமானாலும் எந்த இடத்திலும் “புரியல” என்று சொல்லலாம். சொன்னால் பேசுபவர் அதே இடத்திலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் பாதி நிரூபணம்கூட முடியாது. அதனால் என்ன, அடுத்த புதன் இருக்கிறதே!

இன்னொரு சலுகையும் கொடுத்திருந்தார். தமிழில் பேசலாம். இதை இன்றைய மாணவர்கள் கவனிக்க வேண்டும். எங்களில் பாதிப் பேர் கிராமத்துப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து வந்தவர்கள். வகுப்பில் வாயே திறக்க மாட்டோம். கணக்கு வராததால் அல்ல, கேள்வியை இங்கிலீஷில் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாததால். செமினாரில் அந்தப் பயம் இல்லை. “நீ எவ்வளவு சின்ன எப்ஸிலான் கொடுத்தாலும் சரி, அதுக்கு ஏத்த டெல்டா நான் கொடுக்கிறேன்” என்று கடைத்தெருவில் பேரம் பேசுகிற மாதிரி ஒரு நண்பன் எல்லையின் வரையறையைச் சொன்னான். எனக்கு அது அன்றைக்குத்தான் விளங்கியது. பின்னாளில் என் வகுப்புகளில் அதையே சொல்லிப் பிழைத்தேன்.

செமினார் வாசலில் ஒரு நோட்டு கயிற்றில் கட்டித் தொங்கும். வாரம் ஒரு கணக்கு எழுதியிருக்கும். விடை தெரிந்தவர் பெயர் போட்டு எழுதலாம். இந்த யோசனை எங்கள் பேராசிரியர் கண்டுபிடித்தது அல்ல, நம் நாட்டில் நூறு வருடத்துக்கு மேல் பழையது. அதைச் சொல்லாமல் மன்றம் பற்றிப் பேச முடியாது.

வி. ராமசாமி அய்யர் என்று ஒரு டெபுடி கலெக்டர். அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த குத்தியில், இப்போது ஆந்திராவில் இருக்கும் ஊர், வேலை பார்த்தவர். கச்சேரி வேலைக்கு நடுவில் கணக்குப் பைத்தியம். தன்னைப் போல ஊருக்கு ஒருவராகச் சிதறிக் கிடந்தவர்களுக்குக் கடிதம் எழுதி, 1907-ல் ஒரு கிளப் தொடங்கினார். உறுப்பினர்கள் ஆரம்பத்தில் சுமார் இருபது பேர். கட்டடம் கிடையாது. வெளிநாட்டுக் கணித இதழ்களைச் சந்தா கட்டி வரவழைத்து, ஒருவர் படித்ததும் தபாலில் அடுத்தவருக்கு அனுப்புவார்கள். இதுதான் கிளப்பின் முக்கியமான வேலை. அதுவே இந்தியக் கணிதவியல் கழகமாக வளர்ந்து இன்றும் இருக்கிறது. 1909-ல் சொந்தமாக இதழ் கொண்டுவந்தார்கள். அதில் ஒரு பகுதி, வாசகர்கள் ஒருவருக்கொருவர் கணக்குக் கேட்பது. எங்கள் கயிற்று நோட்டின் பாட்டன் அதுதான்.

1911-ல் அந்தப் பகுதிக்கு ஓர் இளைஞர் கேள்வி அனுப்பினார். கல்லூரிப் படிப்பை முடிக்காதவர், நிலையான வேலை இல்லாதவர். பெயர் இராமானுஜன். 289-ஆம் எண்ணுள்ள அந்தக் கேள்வி இது. மாணவர்கள் எழுதிக்கொள்ளுங்கள்:

√(1 + 2√(1 + 3√(1 + 4√(1 + …)))) இதன் மதிப்பு என்ன?

மூன்று இதழ் வந்தும் யாரும் விடை அனுப்பவில்லை. கடைசியில் அவரே விடை கொடுத்தார்: 3. இராமானுஜனைப் பற்றி மேடைதோறும் பேசுகிறோம். அவருடைய பெயர் அச்சில் வர ஆரம்பித்தது ஒரு கிளப்பின் இதழில் என்பதை அபூர்வமாகத்தான் சொல்கிறோம். அந்த டெபுடி கலெக்டர் கிளப் தொடங்காமல் கட்டடத்துக்கு வசூல் செய்துகொண்டிருந்தால்? சரி, விட்டுவிடுவோம், மதியப் பொதுக்குழுவுக்குக் கொஞ்சம் பாக்கி வைக்கிறேன். (சிரிப்பு)

எங்கள் செமினாரில் இந்தக் கேள்வி வந்தபோது நடந்ததுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. இரண்டாமாண்டு நண்பன் ஒருவன் போர்டில் விடை எழுதினான். 3 என்பது √9. அதாவது √(1 + 8). எட்டு என்பது 2 × 4. நான்கு என்பது √16, அதாவது √(1 + 15), பதினைந்து என்பது 3 × 5. ஐந்து என்பது √25, அதாவது √(1 + 4 × 6). இப்படியே போய்க்கொண்டே இருக்கலாம். முடிந்தது. எல்லோரும் கை தட்டினோம்.

முதலாண்டு மாணவர் ஒருவர் எழுந்து, “அண்ணே, இதே மாதிரி 4-ன்னும் போடலாமே?” என்றார். போர்டுக்கு வரச் சொன்னார்கள். வந்து எழுதினார். 4 என்பது √16, அதாவது √(1 + 15). பதினைந்து என்பது 2 × 7.5. ஏழரை என்பது √56.25, அதாவது √(1 + 55.25). அதை 3-ஆல் வகுத்தால் 18.4 சொச்சம். மறுபடி அதன் வர்க்கம்… இப்படியே போய்க்கொண்டே இருக்கலாம். அப்படியானால் விடை 4 என்றும் சொல்லலாமா? 5 என்றும் சொல்லலாமா?

அறை அமைதியாகிவிட்டது. போர்டில் நின்ற நண்பனுக்குப் பதில் வரவில்லை. எங்கள் யாருக்கும் வரவில்லை. கடைசி பெஞ்சைத் திரும்பிப் பார்த்தோம். பேராசிரியர், “அடுத்த புதன் பார்ப்போம்” என்று குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மூன்று புதன் ஆனது. விடுதியில் சாப்பாட்டு மேஜையில் அதே பேச்சு. ஒருவன் லாகரிதம் அட்டவணையை வைத்துக்கொண்டு இரண்டு வரிசையையும் எழுதிப் பார்த்தான். முதல் வழியில் மூலத்துக்குள் மூலமாக இறங்க இறங்க வரும் எண்கள் 3, 4, 5, 6, 7. சமர்த்தாக ஒவ்வொரு படியாக ஏறுகின்றன. இரண்டாவது வழியில் 4, 7.5, 18.4, 84.5, அடுத்தது 1429! வெறி பிடித்த மாதிரி ஓடுகிறது. இன்னொருவன் வேறு வழியில் போனான். முடிவில்லாத கணக்கை எங்காவது வெட்டி நிறுத்தினால் என்ன வருகிறது? √(1 + 2) என்பது 1.73. அடுத்த மூலம் வரை போனால் 2.24. அதற்கடுத்து 2.56, பிறகு 2.76. ஏறிக்கொண்டே போகிறது, ஆனால் 3-ஐத் தாண்டவில்லை. தாண்டாது என்று நிறுவவும் முடிந்தது. 3-ஐ எட்டிப் பிடிக்கும் என்று நிறுவத்தான் அந்த மூன்றாவது புதன். ‘போய்க்கொண்டே இருக்கலாம்’ என்று கையை ஆட்டுவதற்கும், ஓர் எண்ணை நோக்கிப் போகிறது என்று நிறுவுவதற்கும் உள்ள வித்தியாசம், பகுப்பாய்வுப் பாடத்தில் ஒரு வருடம் கேட்டும் உறைக்காதது, அந்த மூன்று புதனில் உறைத்தது.

அதற்குப் பிறகுதான் பேராசிரியர் நூலகத்திலிருந்து ஒரு புத்தகம் கொண்டுவந்தார். 1927-ல் கேம்பிரிட்ஜில் அச்சான இராமானுஜனின் ஆய்வுக் கட்டுரைத் தொகுப்பு. அதன் பின்னிணைப்பில், இத்தகைய தொடர்மூலங்கள் எப்போது ஒருங்கும் என்பது பற்றி ஒரு குறிப்பு. கொடுத்தவர் தி. விஜயராகவன், தென்னார்க்காட்டுக்காரர், அப்போது இருபதுகளில் இருந்த இளைஞர். பின்னாளில் அழகப்பச் செட்டியார் நிறுவிய இராமானுஜன் கணித நிறுவனத்தின் முதல் இயக்குநர். எங்கள் முதலாண்டுத் தம்பி கேட்டது வேடிக்கைக் கேள்வி அல்ல, பெரியவர்களும் நின்று பதில் சொல்ல வேண்டிய கேள்வி என்று அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்தது. அந்தத் தம்பி இன்று இந்த அரங்கில்தான் இருக்கிறார். பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். (கைதட்டல்)

பேராசிரியர் முதல் நாளே பதில் சொல்லியிருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். சொல்லாமல் இருந்ததற்கு நாங்கள் இன்றும் நன்றி பாராட்டுகிறோம். இன்றைக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. அந்தக் கேள்வியைச் செல்பேசியில் தட்டினால் அரை நிமிடத்தில் பதில் வந்துவிடும். வரட்டும், தப்பில்லை. ஆனால் அதைப் போர்டில் நின்று, நாலு பேர் “புரியல” என்று சொல்லச் சொல்ல விளக்கிப் பாருங்கள். யார் வாங்கிய பதில், யார் புரிந்துகொண்ட பதில் என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

‘சார், எங்களுக்குத் தலைப்பு கிடைக்காதே’ என்று மாணவிகள் சிலர் காலையில் கேட்டார்கள். உங்கள் வீட்டு வாசலில் இருக்கிறது. சிக்குக் கோலம் போடத் தெரிந்தவர்கள் கை தூக்குங்கள். பார்த்தீர்களா, எத்தனை பேர்! மூன்று வரிசையில் ஐந்தைந்து புள்ளி வையுங்கள். பக்கத்துப் பக்கத்துப் புள்ளி இரண்டுக்கும் நடுவில் கம்பிகள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ள வேண்டும், ஓரத்தில் வளைந்து திரும்ப வேண்டும். கையெடுக்காமல் ஒரே கம்பியில் முடியும். நான்கு வரிசையில் நான்கு நான்கு புள்ளி வைத்து இதே மாதிரி போடுங்கள். ஒரே கம்பியில் முடியாது, நான்கு கம்பி வேண்டும். நான்குக்கு ஆறு வைத்தால்? இரண்டு. வரிசை எண்ணிக்கைக்கும் ஒரு வரிசையில் உள்ள புள்ளி எண்ணிக்கைக்கும் மீப்பெரு பொது வகுத்தி எதுவோ, அத்தனை கம்பி. பள்ளிக்கூடத்து மீ.பொ.வ. கோலத்துக்குள் எப்படி வந்து உட்கார்ந்தது? ஏன் எப்போதும் அப்படி? இரண்டு செமினாருக்குத் தாங்கும். இது விளையாட்டு வேலை என்று யாராவது சொன்னால், தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பணியாற்றிய கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனும் கோலத்தை வைத்து 1974-ல் ஆய்விதழில் கட்டுரை எழுதியிருக்கிறார்கள் என்று சொல்லுங்கள். கணினி மொழிகளுக்கு இலக்கணம் எழுதுவது போலக் கோலத்துக்கு எழுதினார்கள்.

வெளியிலிருந்து அறிஞர்களை அழைக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அழைக்கிற விதம்தான் மாற வேண்டும். இப்போது சிறப்பு விருந்தினர் வருகிறார், வரவேற்புரை அரை மணி, அறிமுக உரை கால் மணி, அவர் பேச்சு முக்கால் மணி, நன்றியுரை, தேசிய கீதம். பிள்ளைகளுக்கு முதல் ஸ்லைடிலேயே வண்டி தடம் புரண்டுவிடுகிறது. அவர் பேசப் போகிற விஷயத்தைப் பத்து நாள் முன்னால் கேட்டு வாங்கி, நம் மாணவர் இரண்டு பேர் முந்தின புதனே அதன் அடிப்படையைச் சொல்லிவிட வேண்டும். அப்புறம் விருந்தினரைக் கேள்வி கேட்க விட வேண்டும், அவர் நம்மை, நாம் அவரை.

மயிலாப்பூரில் ‘ஏகாம்ர நிவாஸ்’ என்று ஒரு வீடு. அல்லாடி ராமகிருஷ்ணன் 1950-களின் இறுதியில் அந்த வீட்டில் தன் மாணவர்களோடு இயற்பியல் செமினார் நடத்தினார். வெளிநாட்டு விஞ்ஞானிகள் சென்னைக்கு வந்தால் அங்கே வருவார்கள். 1960-ல் நீல்ஸ் போர் வந்து அந்தப் பிள்ளைகளைப் பார்த்துவிட்டுப் போனார். 1962 ஜனவரியில் கணித அறிவியல் நிறுவனம் பிறந்தது. இன்று தரமணியில் இருக்கிறதே, அதுதான். முதலில் செமினார் வந்தது, அப்புறம்தான் கட்டடம் வந்தது.

இனி காசு விஷயம். மன்றத்துக்குப் பணம் எதற்கு என்று நண்பர் ஒருவர் கேட்டார், சாக்பீஸ் வாங்கவா என்று. ஆமாம், சாக்பீஸும்தான். புதன்தோறும் டீயும் சுண்டலும். பசித்த வயிற்றுக்கு நாலு மணிக்குத் தேற்றம் ஏறாது. வருகிற ஆய்வாளருக்குப் போக்குவரத்துச் செலவு. பூட்டாத ஒரு அலமாரி, அதில் நாற்பது ஐம்பது புத்தகம். தொலைந்தால் தொலையட்டும், திருடிக்கொண்டு போகிற அளவுக்கு ஒருவன் கணக்குப் புத்தகத்தை விரும்பினால் அது மன்றத்தின் வெற்றி. (சிரிப்பு) பிறகு கோடைப் பயிற்சி. பேராசிரியர் குமரேசன் 1993-ல் தொடங்கிய கணிதப் பயிற்சி மற்றும் திறன் தேடல் முகாம் பல மாணவர்களின் வாழ்க்கையை மாற்றியிருக்கிறது. அங்கே பாடம் நடப்பதே கேள்வி கேட்டுத்தான். நம் பிள்ளைகள் விண்ணப்பிப்பதே இல்லை என்றார்கள். புதன்கிழமை போர்டில் நின்று பழகியவர்கள் பயப்படாமல் விண்ணப்பிப்பார்கள். தேர்வானால் ரயில் கட்டணத்துக்கு அப்பா கடன் வாங்கக் கூடாது, மன்றம் கொடுக்க வேண்டும்.

முதல்வர் அவர்களிடம் ஒரே ஒரு விண்ணப்பம். இதற்குப் பணத்தால் ஆகாது. வாரத்தில் ஒரு மணி நேரத்தை வகுப்பு அட்டவணைக்குள்ளேயே ஒதுக்கித் தர வேண்டும். மாலையில் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்வது சுலபம். இங்கே படிக்கிறவர்களில் பலர் நாலரை மணி டவுன் பஸ்ஸை விட்டால் அடுத்த பஸ்ஸுக்கு ஆறரை வரை நிற்க வேண்டியவர்கள், முக்கியமாகப் பெண் பிள்ளைகள். மாலையில் வைத்தால் விடுதி மாணவர்கள் பத்துப் பேர்தான் வருவார்கள், கோலம் போடத் தெரிந்தவர்கள் எல்லோரும் பஸ்ஸில் இருப்பார்கள். வருகைப் பதிவு எடுக்க வேண்டாம், மதிப்பெண்ணும் வேண்டாம். எடுத்த நாளிலிருந்து அது இன்னொரு வகுப்பாகிவிடும்.

மதியம் பொதுக்குழுவில் எந்தப் பக்கம் முடிவானாலும் சரி, நோட்டு ஒன்று வாங்கி வந்திருக்கிறேன், கயிறும் இருக்கிறது. செமினார் அறைக் கதவில் இப்போதே கட்டச் சொல்லிக் கொடுத்துவிட்டேன். முதல் பக்கத்தில் எழுதியிருக்கும் கணக்கு இது. இன்று காலையிலிருந்து இந்த அரங்கில் பழைய நண்பர்கள் கை குலுக்கிக்கொண்டே இருக்கிறார்கள். சிலர் பத்துப் பேரோடு, சிலர் ஒருவரோடு, சிலர் கூச்சப்பட்டு யாரோடும் இல்லை. யார் யாரோடு குலுக்கியிருந்தாலும், ஒரே எண்ணிக்கையிலானவர்களோடு கை குலுக்கிய இரண்டு பேராவது இங்கே கட்டாயம் இருப்பார்கள். ஏன்? விடையை என்னிடம் சொல்ல வேண்டாம், நோட்டில் பெயரோடும் வகுப்போடும் எழுதுங்கள். முன்னாள் மாணவர்களும் எழுதலாம், சேர்ந்த ஆண்டைப் போட்டு.